கர்னலுக்குப் போர்த்திய சால்வை

சித்தூர் மாவட்ட ஜன சௌகரியக் கேந்திரத்தில் மூன்றாம் நம்பர் கவுண்டர் தமிழரசுவுடையது. அதனால், அந்தச் சனிக்கிழமை தன் கல்யாணச் சான்றிதழுக்கே அர்ஜி போட வேண்டி வந்தபோது, அவன் முதலில் வெளியே போய் வரிசையில் நின்றான். முறை வந்ததும் அர்ஜியைக் கம்பி ஜன்னல் வழியாக உள்ளே வைத்தான். பிறகு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அர்ஜியைப் படித்துப் பார்த்து, நானூற்றுப் பதினேழு என்று எண் போட்டு, ரசீதைக் கிழித்து ஜன்னலில் வைத்தான். மறுபடியும் வெளியே ஓடி அதை எடுத்துக்கொண்டான்.

"ஒரு தேங்ஸ் சொன்னியா தம்பி, உள்ள குந்தினு இருந்த ஆளுக்கு?" என்றாள் அட்டெண்டர் ரத்தினம்மா.

"அவசரத்துல மறந்துட்டேன்மா."

அவசரம் உண்மைதான். சுமித்ராவுக்கும் அவனுக்கும் கல்யாணமாகி இரண்டு மாதம். சுமித்ரா திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது, இரண்டு வருஷ ஒப்பந்தம். கம்ப்யூட்டரில் அச்சான கல்யாணச் சான்றிதழை வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்குள் திருப்பதி ஏஜெண்டிடம் கொடுத்தால் புருஷனையும் அழைத்துப் போகலாம். கொடுக்காவிட்டால் அவள் மட்டும் விமானம் ஏற வேண்டும். நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த தமிழரசுவுக்கு எந்தச் சத்தமும் பழகிப்போகும். சுமித்ரா இல்லாத வீட்டின் நிசப்தம் மட்டும் பழகாது என்று இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டது.

அந்தச் சான்றிதழ் அச்சாக வேண்டிய இடம் இந்தக் கேந்திரம்தான். கேந்திரத்தின் சர்வர் ஹைதராபாத்தோடு பேசும், ஹைதராபாத் ஆமாம் என்று சொல்லும், பிரிண்டர் அச்சடிக்கும். மூன்று நிமிட வேலை. ஆனால் சனிக்கிழமை வந்த அர்ஜியை அடுத்த வேலை நாளில்தான் அச்சடிப்பார்கள்.

திங்கட்கிழமை அந்தச் சர்வருக்குப் புதிய கர்னல் போட்டார்கள்.

கர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் இருந்து குடித்தனம் நடத்தும் வீட்டுக்காரம்மா. யார் வந்தாலும் போனாலும் அவளைக் கேட்டுத்தான். வெளியுலகத்தோடு பேசும் நெட்வொர்க் கார்டு, தினமும் வாசலுக்கு வருகிற பால்காரர். பழைய மாமியாருக்குப் பால்காரரைப் பத்து வருஷமாகத் தெரியும். புது மருமகளுக்கு யாராவது அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அந்த அறிமுகத்துக்கு டிரைவர் என்று பெயர். அதைச் செய்யாவிட்டால் மருமகள் கதவைத் திறக்கமாட்டாள். பால்காரர் வாசலிலேயே நிற்பார். வீட்டில் காபி கிடையாது.

"அறிமுகம் இருக்கான்னு முதல்ல பார்த்துடலாம் சார்" என்று தமிழரசு சொல்லத்தான் செய்தான். துணை இயக்குநர் நாகபூஷணம் அவனைக் கருணையோடு பார்த்தார்.

"ஏமய்யா, பத்தே கால் முகூர்த்தம். கலெக்டராபீசு போட்டோகிராபர் வந்து நின்னுகினு இருக்காரு. இப்ப போய்ச் செக் பண்ணணும்ன்றியே!"

ஹைதராபாத்திலிருந்து புதிய கர்னல் ஒரு சி.டி.யில் வந்திருந்தது. நடுவில் ஓட்டை இருந்ததால் அதைக் கோப்போடு சேர்த்து நாடாவால் கட்ட மிகவும் வசதியாக இருந்தது. அவிழ்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, நாகபூஷணமே உள்ளே தள்ளினார்.

எந்த உத்தியோகஸ்தர் சேர்ந்தாலும் இன்னொருவரை விடுவிக்க வேண்டும் என்பது கேந்திரத்தின் வழக்கம். ஆகவே கண்காணிப்பாளர் கங்கையா பழைய கர்னலுக்கு முறைப்படி விடுவிப்பு ஆணை படித்தார். "இத்தனை ஆண்டுகள் அப்பழுக்கில்லாமல் சேவை புரிந்து..." என்று வந்த இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. வழியனுப்பும்போது சால்வை போர்த்த வேண்டுமே என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். பீரோவில் ஒரு சால்வை இருந்தது. மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகும் ரத்தினம்மாவுக்காக வாங்கி வைத்தது. நாகபூஷணம் அதை எடுத்துச் சர்வரின் தலையில் போர்த்தினார். கைதட்டல்.

"இருபத்தாறு வருசம் பெருக்கினது நானு. சால்வை பொட்டிக்கு" என்றாள் ரத்தினம்மா, கதவோரம் நின்று.

இயந்திரம் புதிய கர்னலோடு எழுந்தது. திரையில் வரிசையாகப் பச்சை எழுத்துகள். நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு: நெட்வொர்க் கார்டு இல்லை.

"பாரு, பாரு! பச்சைக்கு நடுவுல குங்குமப் பொட்டு மாதிரி!" என்று நாகபூஷணம் விரல் நீட்டிக் காட்டினார். அந்த விரலோடுதான் போட்டோ எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு, 'மேம்பாடு நூறு சதவீதம் வெற்றி' என்று ஹைதராபாத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப உட்கார்ந்தபோது, மின்னஞ்சல் போகவில்லை. தபாலில் அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை கவுண்டரின் முன்னால் நூறு பேர் நின்றார்கள். தமிழரசு நாகபூஷணத்தின் அறைக்குப் போனான்.

"சார், ரெண்டு நிமிஷ வேலை. பழைய கர்னல் இன்னும் உள்ளேதான் இருக்கு. மெஷினைத் திரும்பப் போட்டா ஆரம்பத்துல ஒரு பட்டியல் வரும். பத்து செகண்டு நிக்கும். ரெண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தா பழசு வந்துடும். டிரைவர் கிடைக்கிறவரைக்கும் அதுல ஓட்டலாம்."

நாகபூஷணம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரிடையர் ஆனவர் கையில மறுபடி பொறுப்பைக் குடுக்கச் சொல்றியா? விடுவிப்பு ஆணை போட்டாச்சி. சால்வை போத்தியாச்சி. இந்தக் கேந்திரம் முன்னாடி பார்க்கிற கேந்திரம் பாபு. பின்னாடி இன்னா இருக்குதுன்னு நாங்க எப்பவுமே பார்த்ததில்லை. முன்னாடி இன்னா இருக்குதுன்னும் அவசரப்பட்டுப் பார்க்க மாட்டோம்."

கங்கையா இதற்குள் பதிவேட்டைப் புரட்டி, நானூற்றுப் பதினேழில் விரலை வைத்துவிட்டார்.

"சார், இன்னொரு விஷயம். இவர் பேருல ஒரு அர்ஜி நிலுவைல இருக்குது. சர்வர் சரியானா இவருக்கு லாபம். அதனால இவர் சுயநலம் உள்ளவர். விதிப்படி மெஷினைத் தொடக்கூடாது. கிட்ட போகக்கூடாது. இதைப் பத்தி வாயால யோசனை சொல்றதும் கூடாது."

"அப்ப யாரு சரி பண்றது சார்?" என்றான் தமிழரசு.

"அது சரியாகணும்னு எந்த அக்கறையும் இல்லாதவங்க" என்றார் கங்கையா. கேந்திரத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை.

சர்வரைச் சுற்றி ஐந்தடி தூரத்தில் கயிறு கட்டினார்கள். தமிழரசுவின் மேசை கயிற்றுக்கு இந்தப் பக்கம்.

கோளாறு இருந்தால் குற்றவாளி இருக்க வேண்டும். சித்தூரில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய் சத்தியம் செய்ய யாருக்கும் தைரியம் வராது. செவ்வாய் மத்தியானம் கவுண்டர்களை மூடிவிட்டு, கேந்திரம் முழுவதும் இரண்டு ஜீப்பில் காணிப்பாக்கம் போனது. ஒவ்வொருவராகக் குளித்து, ஈரத் துணியோடு நின்று, "நெட்வொர்க் கார்டை நான் கெடுக்கவில்லை" என்று சத்தியம் செய்தார்கள். கங்கையா செய்தார். டைப்பிஸ்ட் கமலம்மா செய்தாள். தமிழரசுவும் செய்தான்.

நாகபூஷணத்தின் முறை வந்தபோது அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. செல்போனில் டவர் இல்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் பார்க்கவில்லை. அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கும் விதியின்படி தன் சார்பாகச் சத்தியம் செய்ய ரத்தினம்மாவை நியமித்துவிட்டு, அவர் ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ரத்தினம்மா இன்னொரு முறை முழுக்குப் போட்டு வந்து கைகூப்பினாள். "சாமி, எங்க ஐயாவுக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. எதைப் பத்தியும் தெரியாது. இது சத்தியம்."

அன்று காணிப்பாக்கத்தில் செய்த சத்தியங்களிலேயே இதைச் சொல்லும்போதுதான் குரல் நடுங்கவில்லை.

மனிதர்கள் எல்லோரும் நிரபராதிகள் என்று ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது கார்டு மட்டும். புதன்கிழமை காலை கங்கையா கார்டுக்கு மெமோ தயார் செய்தார். 'புதிய அதிகாரி பொறுப்பேற்ற நாள் முதல் தாங்கள் அவருடன் பேச மறுப்பது ஏன்? இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விளக்கவும்.' சர்வரின் பக்கவாட்டில் அதைப் பசை போட்டு ஒட்டினார்கள். விதிப்படி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டார்கள்.

அவகாசம் முடிவதற்குள்ளேயே திருப்பதியிலிருந்து நிபுணர் திருவேங்கடம் வந்துவிட்டார். கழுத்தில் நாடா, நாடாவில் அட்டை, கையில் மடிக்கணினி. ஒன்றரை மணி நேரம் படம் காட்டினார். அம்புகளும் வட்டங்களும் வந்துபோயின.

"இது கார்டோட பிரச்சினை இல்ல. மனப்பான்மைப் பிரச்சினை. உலகமே திறந்து கெடக்குது. எல்லாக் கதவும் திறந்தாச்சி. இந்தக் கார்டு மட்டும் பழைய காலத்துலயே நின்னுகினு இருக்குது. இதுக்கு நாம ஒரு பயிற்சி முகாம் நடத்தணும்" என்றார்.

"தீர்வு, சார்?" என்று கமலம்மா கேட்டாள்.

"ரொம்ப சுலபம்மா. டிரைவர் இண்டர்நெட்ல இருக்குது. இந்த சர்வர்லருந்தே இறக்கிக்கலாம்."

"இந்த சர்வர்லதான் இண்டர்நெட் இல்லையே."

"அதான் சொல்றேனே, டிரைவர் போட்டா வந்துடும்."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் தமிழரசு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். வாயால் யோசனை சொல்லக் கூடாது என்பதால், ஒரு துண்டுக் காகிதத்தில் 'பிரௌசிங் சென்டர், பென் டிரைவ்' என்று எழுதிக் கமலம்மாவிடம் நீட்டினான். அவள் அதைத் தன் யோசனையாக வாசித்தாள். கங்கையா உடனே எழுந்தார்.

"வெளியிலருந்து எது வந்தாலும் இன்வர்டு செக்ஷன் வழியாத்தான் வரணும். முத்திரை குத்தணும். இந்தச் சுண்டுவிரல் சைசு சாமானத்துல எங்க குத்தறது? காகிதத்துல குடுங்க, எடுத்துக்கறோம்."

காகிதத்தில் கொடுத்தார்கள். டிரைவரின் மூல நிரலை முந்நூற்று எண்பத்தாறு பக்கத்துக்குத் திருப்பதியில் ஒரு பிரௌசிங் சென்டரில் அச்சடித்து, மூட்டையாகக் கட்டிப் பேருந்தில் அனுப்பினார் திருவேங்கடம். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை விழுந்தது. கமலம்மா டைப்பிங்கில் ஹையர் பாஸ். கயிற்றுக்குள் நாற்காலி போட்டு, முதல் பக்கத்திலிருந்து சர்வரில் டைப் அடிக்க ஆரம்பித்தாள்.

"தமிழரசு, இதை எழுதினவன் எவனோ, இங்கிலீஷ் சுத்தமா வராது போல. பாதி வார்த்தைல உயிரெழுத்தே இல்ல. அத்தனையும் திருத்திட்டேன். கமாவுக்கு மேல புள்ளி வெச்சிருக்கான் பாரு, கண்ட இடத்துலல்லாம். அதையும் எடுத்துட்டேன்" என்று பதினோராம் பக்கத்தில் சொன்னாள்.

தமிழரசு கண்களை மூடிக்கொண்டான்.

கார்டு மெமோவுக்குப் பதில் சொல்லவில்லை. மௌனத்தைக் கீழ்ப்படியாமை என்று குறித்து, அவகாசம் முடியக் காத்திராமல் புதன் சாயந்திரமே அதைச் சஸ்பெண்ட் செய்தார்கள். சஸ்பென்ஷனில் இருப்பவருக்குப் பாதிச் சம்பளம் உண்டு. கார்டுக்குச் சம்பளம் இல்லை, கரண்டுதான். ஆகவே இனிமேல் சர்வருக்குப் பாதி நாள் கரண்டு: காலை பத்து மணிக்குப் போட்டு, ஒன்றரைக்கு அணைக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு கங்கையா சுவிட்சைப் போட்டார். போட்டுவிட்டுக் கையெழுத்து வைக்கப் போய்விட்டார். கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து தமிழரசு மட்டும் திரையைப் பார்த்தான். பட்டியல் வந்தது. முதல் வரி புதியது. இரண்டாம் வரி பழையது. பத்து, ஒன்பது, எட்டு... சுமித்ரா ஐந்தடி தூரத்தில் நிற்பது போலவும், கதவு மெல்ல மூடிக்கொண்டு வருவது போலவும் இருந்தது. மூன்று, இரண்டு, ஒன்று. முதல் வரி தானாகவே ஓடிவிட்டது. சிவப்புக் குங்குமம் விழுந்தது.

அன்று சாயந்திரம் சுமித்ராவுக்குப் போன் செய்தான்.

"இன்னாங்க, ஆச்சா?"

"நாற்பத்தோராம் பக்கம் வரைக்கும் ஆயிருக்கு சுமி."

"நாளைக்கு அஞ்சு மணிக்கு ஏஜெண்டு கடையைச் சாத்திடுவாருங்க. நான் தனியாப் போறதுன்னா..." அவள் நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எனக்கு மஸ்கட்டே வேணாம்னு சொல்லிடட்டா?"

"வேணாம். அப்படிச் சொல்லாதே. பத்து செகண்டு கிடைச்சா போதும். தொட எனக்கு உரிமை இல்ல, அவ்வளவுதான்."

"யாருக்குத்தான் இருக்குது அந்த உரிமை?"

"யாருக்கும் இல்ல. கமலம்மாவும் முத்திரை குத்தின பக்கத்தைத் தவிர வேற எதையும் அடிக்கக் கூடாதாம்."

சுமித்ரா கொஞ்சம் யோசித்தாள். "எங்க ஆஸ்பத்திரில ஐ.சி.யூ.வுக்குள்ள பெரிய டாக்டரே செருப்பைக் கழட்டிட்டு, கோட்டு மாட்டிக்கினுதான் வரணும். மாப்புப் போடற அம்மா மட்டும் யாரையும் கேக்காம போவாங்க, வருவாங்க. உங்க ஆபீசுல தூசி தட்டறது யாரு?"

தமிழரசு போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே ஒரு நிமிடம் பார்த்தான். நல்ல பெண்ணைத்தான் கட்டியிருக்கிறோம் என்று அவனுக்கு அடிக்கடி தோன்றும். அன்று கொஞ்சம் பலமாகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ரத்தினம்மா வாளியோடு வந்தாள். தமிழரசு அவள் பின்னாலேயே போனான்.

"அம்மா, சர்வர் கீபோர்டைத் தினமும் தொடைப்பீங்கள்ல?"

"டூட்டிதானே தம்பி. தொண்ணூத்தி ஒண்ணுல போட்ட ஆர்டரு. அப்ப கீபோர்டு ஏது, டைப்ரைட்டருதான். அதையே தொடைச்சிக்கினு வரேன்."

"இன்னைக்கு பத்து மணிக்கு அப்பால தொடைப்பீங்களா? திரையில ரெண்டு வரி வர்ற நேரத்துல?" அவன் குரலைத் தாழ்த்தினான். "கீழ்ப் பக்கம் அம்பு போட்ட பட்டன்ல ரொம்ப தூசி."

ரத்தினம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் ஆபீஸ் பெருக்கியவள். எந்தத் தூசி எந்த நாற்காலிக்கு அடியில் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"எத்தினி தரம் தொடைக்கணும்?"

"ஒரே தரம். அப்புறம் வலப்பக்கம் பெரிசா ஒரு பட்டன். அதையும் ஒரு தரம்."

"பொண்டாட்டிகூட போய்ச் சேரணும். அதானே?"

தமிழரசு தலையைக் குனிந்துகொண்டான். "யோசனை சொல்லக் கூடாதும்மா நான்."

"நீ இன்னா சொன்ன? தூசின்னு சொன்ன."

பத்து மணிக்கு கங்கையா சுவிட்சைப் போட்டார். அன்று பார்த்து அவர் கையெழுத்து வைக்கப் போகவில்லை. இயந்திரம் உறுமியது. ரத்தினம்மா கயிற்றைக் குனிந்து தாண்டினாள். கையில் துணி இல்லை.

"துணி எங்கே?" என்றார் கங்கையா.

ரத்தினம்மா சுற்றிலும் பார்த்தாள். பிறகு சர்வரின் தலையிலிருந்த சால்வையை ஒரே இழுப்பில் உருவினாள். பட்டியல் வந்தது. பத்து, ஒன்பது... அவள் சாவகாசமாகச் சால்வையை உதறினாள். ஏழு. நாலாக மடித்தாள். ஐந்து.

"அம்மா, தூசி!" என்று அவன் கத்தியே விட்டான்.

"தெரியுது தம்பி." கீழ் அம்பின் மீது ஒரு அழுத்து. பெரிய பட்டனின் மீது ஒரு அழுத்து. மீதி எழுத்துகளை அவள் தொடக்கூட இல்லை. அதை கங்கையா கவனிக்கவில்லை.

பச்சை. பச்சை. பச்சை. சிவப்பு எங்கேயும் இல்லை. பத்து மணி பதினோரு நிமிடத்துக்குக் கார்டின் பின்னால் சின்ன விளக்கு மினுக் மினுக்கென்று சிமிட்ட ஆரம்பித்தது. ஐந்து நாளாக வாசலில் நின்றிருந்த பால்காரருக்கு மாமியார் கதவைத் திறந்துவிட்டாள்.

நாகபூஷணம் ஓடிவந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விளக்கைப் பார்த்தார். பிறகு ஊழியர்கள் பக்கம் திரும்பி உரையாற்றினார்.

"பார்த்தீங்களா? பாதி கரண்டுல போட்டேன், புத்தி வந்துட்டுது! இதுதான் நிர்வாகம். புது கர்னல் எவ்வளவு அழகா வேலை செய்யுது பாருங்க. பழசை வெச்சிக்கினு இருந்தா இந்த நாளைப் பார்த்திருப்போமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். தமிழரசு எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

நானூற்றுப் பதினேழு பத்தரைக்கு அச்சாகி வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். நாகபூஷணம் ராகுகாலத்தில் பேனாவைத் திறப்பதில்லை. தமிழரசு ஒன்றரை மணி நேரம் சுவர்க் கடிகாரத்தோடு குடும்பம் நடத்தினான். பன்னிரண்டு ஐந்துக்குக் கையெழுத்தானது. அப்போது கங்கையா கையைக் குறுக்கே நீட்டி அதை வாங்கிக்கொண்டார். சான்றிதழைக் கொடுப்பவர் மூன்றாம் கவுண்டர், வாங்குபவரும் அவரே, இதை எப்படி அனுமதிப்பது?

"இங்க குடு சாமி" என்று ரத்தினம்மா அவர் கையிலிருந்து காகிதத்தை எடுத்து, சால்வை மடிந்திருந்த தோளோடு ஜன்னலுக்கு வந்தாள். தமிழரசு ஏற்கனவே வெளியே ஓடி வரிசையில் நின்றிருந்தான்.

"நானூத்திப் பதினேழு! இந்தா. தேங்ஸ் சொல்லு."

அவன் சொன்னான். இந்த முறை மறக்கவில்லை. மறைக்க முடியாமல் கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர் வந்தது.

சந்திரகிரியில் பேருந்து அரைமணி நேரம் நின்றது. இருந்தும் மூன்றரைக்குத் திருப்பதி போய்ச் சேர்ந்தான். சுமித்ரா நர்ஸ் உடையோடேயே பேருந்து நிலையத்தில் நின்றிருந்தாள். காகிதத்தை வாங்கிப் பார்த்து, தன் பெயரையும் அவன் பெயரையும் ஒரு விரலால் தடவினாள்.

"யாரு பண்ணிக் குடுத்தாங்க?"

"நீதான். போன்ல."

ஏஜெண்டின் கடை நாலரைக்கும் திறந்தே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மஸ்கட்டுக்கு ரத்தினம்மாவிடமிருந்து போன் வந்தது. சுமித்ரா ஸ்பீக்கரைப் போட்டாள். அந்தப் பக்கம் கேந்திரத்தின் சத்தமெல்லாம் கேட்டது.

"எப்படிக்கீறீங்க கண்ணுங்களா? நான் இன்னும் ரிடையர் ஆவல. பத்து மணியிலருந்து பதினோரு நிமிசத்துக்குள்ள இன்னா மாறிச்சின்னு கங்கையா விசாரணை வெச்சாரு. தொடைச்சது ஒண்ணுதான் மாறிச்சாம். திரும்பவும் காணிப்பாக்கத்துக்கு இட்டுக்கினு போனாங்க. தொடைச்சேன், வேற ஒண்ணும் பண்ணலன்னு சத்தியம் பண்ணேன். நிசம்தானே? இப்ப தெனமும் காலைல நான்தான் தொடைக்கிறேன். வேற யாரு தொடைச்சாலும் நெட்டு வரல. அதனால எனக்கு ரெண்டு வருசம் எக்ஸ்டென்சன். எல்லா மண்டலத்துக்கும் ஆர்டரு போயிருக்குது, பத்து மணிக்குச் சால்வையால தொடைக்கணும்னு."

"பழசுக்கு இடமே இல்லைன்னாரே ஐயா?" என்று சிரித்தான் தமிழரசு.

"தெனமும்தான் சொல்றாரு. நான் தொடைச்சி முடிச்சப்பறம் சொல்வாரு."

"சால்வை உங்ககிட்டதானேம்மா இருக்குது?" என்றாள் சுமித்ரா.

"என் தோள்லதான் இருக்குதும்மா. கறுத்துப் போயிட்டுது. ஆனா துவைக்கக் கூடாதுன்னு கங்கையா எழுத்துல குடுத்துட்டாரு."